வயிரும் என் தம்பியின் வாயும்

என் தம்பி போலீஸ்காரன் என்று சொன்னால் கேட்பவர்கள் உடனே லத்தியையும் தொப்பியையும் நினைத்துக்கொள்வார்கள். அவன் லத்தியைத் தொட்டதைவிட ஊதுகிற பியூகிளைத் தொட்டதுதான் அதிகம். திருநெல்வேலி ஆயுதப்படையில் பேண்ட் பிரிவு அவனுக்கு. காலையில் கொடி ஏறும்போது ஊத வேண்டும், சாயங்காலம் இறங்கும்போது ஊத வேண்டும், பரேடு என்றால் ஊத வேண்டும், பெரிய அதிகாரி வந்தால் ஊத வேண்டும். "மூச்சு விடுததுக்கு கவர்மெண்ட்ல சம்பளம் வாங்குத ஒரே ஆளு நீதாம்லே" என்று கேலி செய்வேன். அவனும் விடமாட்டான். "நீ மட்டும் என்ன, செத்துப்போன சொல்லுக்கெல்லாம் அர்த்தம் சொல்லிச் சம்பளம் வாங்குத" என்பான். இரண்டு பேரும் சொன்னது உண்மைதான். நான் தென்காசிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் நடத்துகிறேன்.

அந்த ஆடி மாதம் எங்கள் துறையில் பழந்தமிழ் இசைக்கருவிகள் பற்றிக் கருத்தரங்கம் வைப்பதாக முடிவானது. கூட்டத்துக்கு நான் கொஞ்சம் பிந்திப் போனேன். அதற்குள் யாழை ஒருவர் எடுத்துக்கொண்டார், குழலை ஒருவர் எடுத்துக்கொண்டார், முழவுக்கு இரண்டு பேர் மல்லுக்கட்டி ஒருவர் ஜெயித்திருந்தார். கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவளுக்கு ரசம்தான் மிஞ்சும். எனக்கு மிஞ்சியது வயிர்.

அது ஊதுகிற கருவி. பாடப்புத்தகத்தின் பின்னால் இருக்கும் அருஞ்சொற்பொருளில் 'வயிர் – ஊதுகொம்பு' என்று ஒரே வரியில் முடித்திருப்பார்கள். இத்தனை வருஷமாக நானும் அந்த ஒரு வரியோடு முடித்து அடுத்த சொல்லுக்குப் போயிருக்கிறேன். வருஷம் தவறாமல் யாராவது ஒருவர் தேர்வில் அதை வயிறு என்று எழுதி, புலவர் பசியில் பாடுகிறார் என்று விளக்கமும் கொடுத்திருப்பார்கள். சிரித்துக்கொண்டே அரை மதிப்பெண் போடுவேன். புலவர்கள் பாதிப்பேர் பசியில்தானே பாடினார்கள். கொம்பு, காளம், எக்காளம், தாரை என்று பின்னால் எத்தனையோ பெயர் வந்துவிட்டது. கோயில் திருவிழாவில் ஊதுகிறவரிடம் போய் வயிர் என்றால் திருதிருவென்று விழிப்பார். அதை வைத்துக்கொண்டு நான் அரை மணி நேரம் பேச வேண்டும்.

தம்பி வந்தது அதற்கடுத்த வாரம். சொல்லாமல் கொள்ளாமல் வந்து வாசலில் நின்றான். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. பாதி முகத்தைத் துண்டால் மூடியிருந்தான். பல்வலியாக்கும் என்று நினைத்து, "என்னலே, பல்லு புடுங்கிட்டியா?" என்றேன். துண்டை எடுத்தான். வாய் இடது பக்கமாக இழுத்துக்கொண்டு போயிருந்தது. வலது கன்னம் தொங்கியது. வலது கண்ணை மூடப் பார்த்தான், இமை பாதியிலேயே நின்றுவிட்டது.

"காத்து அடிச்சிருச்சுக்கா" என்றான். அது சரியாகத்தான் வந்தது. "பஸ்ஸுல ஜன்னலோரம் உக்காந்து வந்தேன்" என்று அடுத்துச் சொன்னதில் பகரத்தைக் காணவில்லை, காற்றாகப் போய்விட்டது. எங்கள் வீட்டில் பயந்தால் கேலி செய்வதுதான் வழக்கம். "நல்லவேள, மூக்கு எடத்துலயே இருக்கு, உள்ள வா" என்றேன்.

முகவாதம் என்று திருநெல்வேலியிலேயே டாக்டர் சொல்லியிருந்தார். முகத்துக்குப் போகும் நரம்பு வீங்கியிருக்கிறது. பெரும்பாலானவர்களுக்குத் தானாகவே சரியாகிவிடும், சிலருக்குக் கொஞ்சம் குறை தங்கிவிடும், அவனுக்கு எப்படி என்று இப்போதே சொல்ல முடியாது. மாத்திரை, கண்ணுக்குச் சொட்டு மருந்து, படுக்கும்போது கண்ணை ஒட்டிவைக்க பிளாஸ்திரி, முகத்துக்குப் பயிற்சி. தென்காசியில் எனக்குத் தெரிந்த பிசியோதெரபி டாக்டரம்மா இருக்கிறார் என்பதால் இங்கே வந்ததாகச் சொன்னான். அது முழுக் காரணம் இல்லை. போலீஸ் குவார்ட்டர்ஸில் போகிறவர் வருகிறவரெல்லாம் அவன் வாயையே பார்த்தார்கள். அவன் பெண்டாட்டி நர்ஸ். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தையும் தன் டூட்டியையும் விட்டுவிட்டு வர முடியாது என்பதால், போனில் என்னைக் கூப்பிட்டு மாத்திரை வேளைகளை ஒப்பித்தாள்.

"ஐப்பசிக்குள்ள சரியாயிருமாக்கா?" வந்த அன்றைக்கே அவன் கேட்டது இது ஒன்றைத்தான்.

ஐப்பசித் தொடக்கத்தில் காவலர் நினைவு நாள் வரும். அந்த வருஷம் பணியில் இறந்துபோனவர்களின் பெயர்களை நினைவுத் தூணுக்கு முன்னால் நின்று வாசிப்பார்கள். துப்பாக்கிகளைத் தலைகீழாக இறக்கிப் பிடிப்பார்கள். பிறகு பியூகிள் ஊதும். இறந்தவர்களுக்கென்று ஒரு நீண்ட அழைப்பு, மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். பல வருஷமாக அதை ஊதுகிறவன் என் தம்பிதான். இந்த வருஷம் வாசிக்கப்போகிற பெயர்களில் ஒன்று அவன் கூட்டாளியுடையது. ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், பயிற்சியில் அடுத்தடுத்த கட்டில், குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த வீடு. மார்கழியில் பந்தோபஸ்துக்குப் போன வேன் மழையில் வழுக்கிக் கவிழ்ந்ததில் அவர் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து கிளம்பும்போது அவர் மனைவி என் தம்பியைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்: "நினைவு நாளைக்கு அவியளுக்கு நீங்கதான் ஊதணும் அண்ணாச்சி. வேற ஆளு ஊதுனா நான் வரமாட்டேன்." இவனும் சரி என்று வாக்குக் கொடுத்துவிட்டான்.

பியூகிளில் விரல் வைக்கத் துளை கிடையாது, அமுக்குவதற்குக் கட்டை கிடையாது. உதட்டை இறுக்கினால் சுரம் ஏறும், தளர்த்தினால் இறங்கும். வித்தை முழுக்க உதட்டில்தான் இருக்கிறது. அந்த உதட்டில் பாதி இப்போது அவன் பேச்சைக் கேட்கவில்லை.

எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு சரியில்லை என்றால் மருந்து சொல்ல டாக்டர் தேவையில்லை. எதற்கும் குற்றாலம்தான். தலைவலிக்கு அருவி, மூட்டுவலிக்கு அருவி, பித்துப் பிடித்தவர்களுக்கும் அருவி. எதிர்வீட்டு அக்கா முதல் நாளே வந்து பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி மாத்தர திங்காவளா? ஐந்தருவில கோணுன பக்கத்தக் காட்டி நில்லுங்க தம்பி. தண்ணி விழுத வேகத்துல தட்டி நேராக்கிரும்" என்றார். தகரத்தில் விழுந்த சொட்டையைத் தட்டி எடுப்பதுபோலச் சொன்னார். குளிர் காற்றே படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன். "டாக்டரு எந்த ஊரு?" என்று கேட்டார். மதுரை என்றதும், அதற்குமேல் பேச ஒன்றுமில்லை என்பதுபோல எழுந்து போய்விட்டார்.

நான் கல்லூரிக்குப் போன ஒரு நாள் தம்பி ஐந்தருவிக்குப் போய்விட்டான். சீசன் கூட்டம், வரிசை வளைந்து வளைந்து கடைகள் வரைக்கும் நின்றிருக்கிறது. அங்கே டூட்டியில் நின்ற போலீஸ்காரர் இவனை அடையாளம் கண்டு, "பேண்ட் அண்ணாச்சி வாராவ, வழி விடுங்க" என்று கூட்டத்தை விலக்கி நல்ல இடமாகப் பார்த்து நிறுத்திவிட்டார். இவனும் வலது கன்னத்தை அண்ணாந்து காட்டிக்கொண்டு ஆசை தீர நின்றிருக்கிறான். மூட முடியாத கண் என்பதை இரண்டு பேருமே யோசிக்கவில்லை. நான் திரும்பி வந்தபோது அந்தக் கண் மிளகாய்ப் பழமாகச் சிவந்து வீங்கியிருந்தது, காய்ச்சலும் அடித்தது.

"ஏலே, ஒனக்கு அறிவு இருக்கா? வாய் போனது பத்தாதுன்னு கண்ணையும் குடுத்துட்டு வந்திருக்கியே!" தெருவுக்கே கேட்டிருக்கும். அவன் போர்வைக்குள் இருந்தபடி, "எல்லாரும் சொல்லுதாவளேக்கா" என்றான். எனக்கு அழுகை வந்துவிட்டது. மனுஷனுக்கு வேண்டியது கிடைக்காதோ என்று பயம் வந்துவிட்டால் படித்தது, பார்த்தது எதுவும் உதவிக்கு வராது. அவன் இடத்தில் இருந்தால் நானும் போய் நின்றிருப்பேன். கண் டாக்டரிடம் அழைத்துப்போனேன். இன்னும் கொஞ்சம் அசட்டையாக இருந்திருந்தால் கருவிழியில் தழும்பு விழுந்திருக்கும் என்றார். அது ஆறும்வரை முகப் பயிற்சியையும் நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. ஆவணி பாதி அப்படியே போனது.

பயிற்சி மறுபடி தொடங்கியபோது கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து உதடு சேரும் எழுத்துகளைச் சொல்லிப் பழகும்படி டாக்டரம்மா சொன்னார். பகரமும் மகரமும் இரண்டு உதடும் சேர்ந்தால்தான் பிறக்கும். வகரத்துக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். இதைத்தான் நான் வருஷாவருஷம் இலக்கண வகுப்பில் நடத்துகிறேன். ஆனால் வீட்டுக்குள் ஒரு பகரத்துக்காக ஒருவன் வியர்த்துப்போவதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பப்பா, மம்மா என்று சொல்ல அவனுக்கு வெட்கம். "மீச வச்ச ஆளு பப்பா மம்மான்னா நல்லாவா இருக்கு?" என்றான். சரி, மீசைக்குத் தகுந்த சொல்லாகத் தருகிறேன் என்று என் கட்டுரைக்காகச் சேர்த்து வைத்திருந்த பெயர்களை எடுத்தேன். பம்பை. பதலை. முழவு. வயிர். 'பம்பை' என்பது முதலில் 'ஹம்ஹை' என்று வந்தது. வலது ஓரத்தில் காற்று ஒழுகியது. அந்த ஓரத்தை விரலால் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி சொல்லுவான். 'வயிர்' மட்டும் கொஞ்சம் சீக்கிரமே பிடிபட்டது.

சாயங்காலம் நான் கட்டுரை எழுதுவேன், எழுதியதை அவன் வாய்விட்டுப் படிப்பான். அவனுக்குப் பயிற்சி ஆயிற்று, எனக்குப் பிழை தெரிந்தது. வயிர் எப்படி இருந்தது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. மாட்டுக்கொம்பா, மூங்கிலா, வெண்கலமா என்று துணிந்து சொல்ல எனக்குச் சான்று கிடைக்கவில்லை. ஆனால் எங்கே ஊதினார்கள் என்பது பாட்டுகளில் இருக்கிறது. அரசன் படையோடு தங்கியிருக்கும் பாசறையில் சங்கோடு சேர்ந்து ஊதுகிறது. முருகன் எழுந்தருளும் இடத்திலும் சங்கோடு சேர்ந்து வருகிறது. அதை ஊதிப் பிழைத்தவர்களுக்கு வயிரியர் என்றே பெயர். இதுவரைக்கும் என் தம்பிக்கு ஆட்சேபணை இல்லை. "அப்ப நானும் வயிரியன்தான்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டான்.

அடுத்த பக்கத்தில் அவன் நின்றுவிட்டான். கணவனைப் பிரிந்திருக்கும் பெண்ணைப் பற்றிய பாட்டுகளிலும் வயிர் வருகிறது. பொழுது சாய்கிறது. பனைமரத்தில் அன்றில் பறவை இருந்துகொண்டு துணையைக் கூப்பிடுகிறது. அந்தக் குரலுக்கு வயிரின் ஓசையை உவமை சொல்கிறார்கள். அன்றில் துணையை விட்டுக் கொஞ்ச நேரமும் பிரிந்திருக்காது என்பது புலவர்களின் நம்பிக்கை. அதனால் அதன் குரல் தனித்திருப்பவளுக்குத் தாங்காது.

"பாசறைல ஊதுத கொம்பு எதுக்குக்கா பனமரத்துல வந்து உக்காருது?"

"உவமைலே. சத்தம் அது மாதிரி இருக்கும்."

"சத்தத்துக்கு வேற கருவியே இல்லையா? குழல் இருக்கு, யாழ் இருக்கு. அழுத பொம்பளைக்குப் பட்டாளத்துக் கொம்பா?"

வகுப்பில் யாராவது கேட்டிருந்தால் நல்ல கேள்வி என்று சொல்லி அடுத்த பாட்டுக்குத் தாவியிருப்பேன். வீட்டில் அந்தத் தந்திரம் செல்லாது. "ஒனக்கு வாய் கோணினாலும் கேள்வி நேராத்தான் வருது" என்று எரிந்து விழுந்தேன். உரையாசிரியர்களைப் புரட்டினேன். ஓசை ஒப்புமை என்பதற்குமேல் அவர்களிடமும் எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

புரட்டாசியில் முகம் மெல்லத் திரும்பி வந்தது. முதலில் கண் மூடியது. பிறகு டீ ஓரத்தில் ஒழுகாமல் உள்ளே போனது. சிரிக்கும்போது மட்டும் ஒரு பக்கம் கொஞ்சம் பிந்தும். பியூகிளின் வாய்ப்பகுதியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, மவுத்பீஸ் என்பார்கள் அதை, உதட்டை வைத்து அதிரச் செய்து பழகினான். வண்டு குடத்துக்குள் மாட்டிக்கொண்ட மாதிரி வீடு முழுக்க ரீங்காரம். எதிர்வீட்டு அக்கா வந்து, "அருவில நின்னது இப்பத்தான் வேலை செய்யுது" என்று தன் மருந்துக்குப் பேர் வாங்கிக்கொண்டு போனார்.

முழு பியூகிளை ஊத வீடு தாங்காது. வடகரைப் பக்கம் அறுப்பு முடிந்த வயலுக்கு என் ஸ்கூட்டரில் போவோம். தென்னந்தோப்பு ஓரமாக அவன் மலையைப் பார்த்து நின்று ஊதுவான். முதல் நாள் கொக்குகள் அத்தனையும் எழுந்து பறந்தன. கீழ்ச் சுரங்கள் பழையபடி வந்தன. அவன் முகம் மலர்ந்துபோனது. பிறகு நினைவு நாளுக்கான அந்த அழைப்பை முழுதாக ஊதிப் பார்த்தான். கடைசிப் பகுதியில் ஒரு சுரம் மேலே ஏறி நீண்டு நிற்க வேண்டும், அதிலிருந்துதான் இறங்கி முடியும். அங்கே உதட்டின் வலது ஓரம் கைவிட்டது. சுரம் பிளந்து, கழுதை கத்துவதுபோல ஒரு சத்தம். மறுபடி ஊதினான், மறுபடி அதே இடம். மறுநாளும் அதே இடம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. சில நாள் அந்தச் சுரம் வரும், பல நாள் வராது. வருமா வராதா என்று அவனுக்கே முன்கூட்டித் தெரியாததுதான் கொடுமை.

பேண்ட் மாஸ்டர் போனில் தன்மையாகத்தான் பேசினார். இன்னொருவர் தயாராக இருக்கிறார், இவனால் முடியாது என்றால் அவரை நிறுத்திக்கொள்ளலாம், யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள் என்றார். அதிகாரிகளும் குடும்பங்களும் கூடியிருக்கும் இடத்தில், செத்தவர்கள் பெயரை வாசித்து முடித்த அமைதியில், கழுதைக் கத்தல் வந்தால்? அதை நினைத்து என் தம்பி சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். "அவங்க வீட்ல போயி நேர்ல சொல்லிருதேன். நீயும் வா" என்றான்.

கூட்டாளியின் மனைவி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பண்பொழியில் தன் அம்மா வீட்டோடு வந்துவிட்டிருந்தார். திருமலைக் கோயில் மலை அவர்கள் வாசலில் நின்றாலே தெரியும். நான் அவரை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னைவிடச் சின்னவர். நெற்றியில் சின்னப் பொட்டு, விறுவிறுவென்று வேலை செய்கிற உடம்பு. டீ போட்டு, முறுக்கை எடுத்து வைத்து, தம்பியின் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "இப்பம் நல்லா நேராயிருச்சே அண்ணாச்சி" என்று சந்தோஷப்பட்டார். தம்பி தொண்டையைச் செருமினான். பேச்சு எப்படி அங்கே போனதோ, அவர் அதற்குள் குவார்ட்டர்ஸ் கதையை எடுத்துவிட்டார்.

"எனக்குக் கடிகாரமே நீங்க ஊதுதது தான அண்ணாச்சி. காலைல ஊதுனா அவிய பெல்ட்ட மாட்டிட்டுப் போயிருவாவ. ஏன்டா ஊதுதாவன்னு இருக்கும். சாயங்காலம் ஊதுனா, இந்தா வந்துருவாவன்னு அடுப்புல டீத்தண்ணி வைப்பேன். அதே சத்தம்தான். போவச் சொல்லுததும் அதுதான், வரச் சொல்லுததும் அதுதான்." முந்தானையால் டம்ளரின் ஈரத்தைத் துடைத்தார். "இங்கன வந்த பொறவும் சாயங்காலமானா காது தேடுது. இங்கன யாரு ஊதுதா? நினைவு நாளைக்கு ஒருக்க கேட்டுட்டேன்னா, அப்புறம் மனசு தேடாதுன்னு நெனைக்கேன்."

தம்பி முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தான். கடைசியில், "வாரோம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தான்.

திரும்பும் வழியில், "சொல்லலியேலே" என்றேன். "எப்பிடிக்கா சொல்ல?" என்றான். என் மனசு அவனிடம் இல்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அது அந்த அன்றிலின் பனைமரத்தில் இருந்தது. படை கிளம்பும்போது வயிர் ஊதியிருக்கும். தெருவில் நின்று அதைக் கேட்ட பெண்ணுக்கு அதுதான் அவனோடு சேர்த்துக் கடைசியாகக் கேட்ட சத்தம். படை திரும்பும்போதும் அதுதான் முதலில் கேட்க வேண்டும். நடுவில் இருக்கும் சாயங்காலங்களில் எந்தப் பறவை கத்தினாலும் அவள் காதுக்கு வேறு எதுவாகக் கேட்கும்? அந்த உவமையைச் சொன்ன புலவர் பாசறையையும் பார்த்திருக்க வேண்டும், வாசலில் காத்து நின்றவளையும் பார்த்திருக்க வேண்டும். குழலும் யாழும் அங்கே உதவாது.

கருத்தரங்கத்தில் இதைத்தான் சொன்னேன். வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு பேராசிரியர் இதற்கு உரையில் ஆதாரம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். குறித்துக்கொண்டார். கைத்தட்டல் யாழுக்குத்தான் அதிகம். எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை.

நினைவு நாளன்று விடியும்போதே திருநெல்வேலி போய்விட்டேன். மைதானத்தில் தூணைச் சுற்றிப் பூ வைத்திருந்தார்கள். குடும்பங்களுக்குப் போட்டிருந்த பந்தலில் கூட்டாளியின் மனைவிக்குப் பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. தம்பி முந்தின நாள் வரைக்கும் மாறி மாறி முடிவெடுத்துக் கடைசியில் தானே ஊதுவதாகச் சொல்லிவிட்டான். தூரத்தில் வெள்ளைக் கையுறையும் சிவப்புக் குஞ்சம் வைத்த பியூகிளுமாக விறைப்பாக நின்றான். அவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தால் அந்த முகத்தில் ஒரு குறையும் தெரியவில்லை. முருகா, அந்த ஒரு சுரத்தை மட்டும் கொடுத்துவிடு என்று வேண்டிக்கொண்டேன். வேறு எதுவும் கேட்கத் தோன்றவில்லை.

பெயர்களை வாசித்தார்கள். கூட்டாளியின் பெயர் வந்தபோது அவர் மனைவி அசையவில்லை. முந்தானை நுனியை மட்டும் விரலில் சுற்றிக்கொண்டார். துப்பாக்கிகள் தலைகீழாக இறங்கின. பியூகிள் எழுந்தது.

நன்றாக ஊதினான். வடகரை வயலில் ஒருநாளும் அப்படி ஊதியதில்லை. ஒவ்வொரு சுரமும் முழுசாக வந்து நின்று, கரைந்து, அடுத்ததற்கு இடம் விட்டது. மைதானத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை. கடைசிப் பகுதிக்கு வந்துவிட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. மேலே ஏறும் அந்த இடம் வந்தது. அதற்கு முந்தின சுரம் வரைக்கும் வந்தான். அங்கே நிறுத்திவிட்டான். பிளக்கவில்லை, கத்தவில்லை. பியூகிளை மெல்லக் கீழே இறக்கினான்.

அதிகாரிகள் முடிந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள். எல்லோரும் தலைகுனிந்து மௌனம் காத்தார்கள். பேண்ட்காரர்களுக்கு மட்டும் தெரிந்திருக்கும். எனக்குத் தெரிந்தது. இன்னொருவருக்கும் தெரிந்துவிட்டது என்பதை, பக்கத்தில் அந்த விரல்கள் முந்தானையைச் சுற்றுவதை நிறுத்தியதிலிருந்து புரிந்துகொண்டேன். வருஷாவருஷம் அவன் இதை ஊதிப் பழகுவதைக் குவார்ட்டர்ஸில் அடுத்த வீட்டிலிருந்து கேட்ட காது அது.

எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு தம்பி பந்தலுக்கு வந்தான். என்னைப் பார்க்கவில்லை. நேரே அவர் முன்னால் போய் நின்றான்.

"முடிக்க முடியலம்மா. மேல போவ மாட்டேங்குது. பாதில நிறுத்திட்டேன். வாக்குக் குடுத்துட்டு இப்பிடிப் பண்ணிட்டேன்" என்றான். பகரமும் மகரமும் வகரமும் ஒன்று தவறாமல் வந்தன.

அவர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"அவிய மட்டும் முடிச்சிட்டா போனாவ, அண்ணாச்சி?" என்றார். "நீங்க ஊதுனதுதான் சரி."

என் தம்பி அங்கேயே, யூனிபாரத்தோடு, சத்தம் போட்டு அழுதான். அவர் அவன் கையிலிருந்த பியூகிளை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். அவன் அழுது முடிக்கும்வரை அதை மடியில் வைத்திருந்தார்.